மெர்குய் போகலாம், பர்மா பேங்க்ஸ் பிறகு பார்க்கலாம்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. சென்ற ஆண்டு தாய்லாந்தில் ஸ்கூபா டைவிங் பயின்று ‘ஓப்பன் வாட்டர்’ என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றான். இப்போது நண்பர்களோடு ஆறு நாள் படகிலேயே தங்கி, தெற்கு மியான்மரின் மெர்குய் தீவுகளிலும் அதற்கப்பால் பர்மா பேங்க்ஸிலும் முக்குளிக்கப் போகிறேன் என்கிறான். என் கணவர் சரி என்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. சிறு வயதில் அவனுக்கு வீசிங் இருந்தது. அனுப்பலாமா?
– ஒரு தாய், ரங்கூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் வீசிங்கிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர வேண்டியது அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிறைத்திருக்கும் காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரிகிறது. மூச்சை அடக்காமல் சீராக விட்டுக்கொண்டே ஏறுபவருக்கு அது வெளியேறிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கி எங்கேனும் காற்று சிக்கிக்கொண்டால், அது நுரையீரலைக் கிழித்து இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதே வேளையில், சிறு வயதில் இருந்த ஆஸ்துமா முற்றிலும் நின்றுபோன பலர் இன்று நலமாக முக்குளிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே இதை நீங்களோ நானோ ஊகித்து முடிவு செய்யக்கூடாது. முக்குளிப்போரின் உடல்நலம் அறிந்த மருத்துவர் ஒருவர் நுரையீரலின் திறனை அளந்து பார்த்துச் சொல்லட்டும். பயிற்சிக்குச் சேர்ந்தபோது நிரப்பிய உடல்நலப் படிவத்தில் இதை மறைக்காமல் எழுதினாயா என்று மகனிடமும் கேளுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் மேற்கொண்டு பேச்சில்லை.

அவர் சம்மதித்தால், மெர்குய்க்கு அனுப்புங்கள் என்பேன். பர்மா பேங்க்ஸுக்கு இந்த முறை வேண்டாம் என்பேன். மெர்குய் சுமார் எண்ணூறு தீவுகள் கொண்ட கூட்டம். அங்கே பல இடங்களில் தீவின் மறைவில் படகை நிறுத்தி, ஆழம் குறைந்த பாறைகளைச் சுற்றி நிதானமாகப் பார்த்துவரலாம். பர்மா பேங்க்ஸ் என்பது தீவுகளையெல்லாம் கடந்து, ஆழ்கடலின் அடியிலிருந்து எழுந்து நீருக்குள்ளேயே நின்றுவிட்ட மேடுகள். நீருக்கு மேலே கரையோ பாறையோ எதுவும் தெரியாது. மேட்டின் உச்சியே பதினைந்து இருபது மீட்டர் ஆழத்தில் இருக்க, உங்கள் மகனின் சான்றிதழோ 18 மீட்டர் வரைக்குமானது. நீரோட்டமும் அங்கே வலுவாக இருக்கும். சுறாக்களைப் பார்க்கும் ஆவலில் சற்றே கீழிறங்கினாலும் எல்லையைத் தாண்டிவிடுவான். அடுத்த நிலைப் பயிற்சியை முடித்து, நீரோட்டத்தில் முக்குளித்துப் பழகிய பிறகு அவன் அங்கே போகட்டும்.

இத்தகைய பயணங்களில் நான் மிகவும் அஞ்சுவது தொலைவை. படகிலேயே தங்குபவர்கள் நாளுக்கு மூன்று நான்கு முறை இறங்குகிறார்கள். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து உடலில் கரையும் நைட்ரஜன் ஒவ்வொரு முறையும் முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த முறை வந்துவிடுகிறது. மிஞ்சியது குமிழியாகி மூட்டு வலியாகவோ, மரத்துப்போதலாகவோ, காரணமற்ற சோர்வாகவோ வெளிப்படும்போது, ‘நாளெல்லாம் நீந்திய களைப்பு’ என்று இளைஞர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சிகிச்சையளிக்கும் அழுத்த அறைக்குத் தாய்லாந்தின் புக்கெட் வரை போகவேண்டியிருக்கும். நடுக்கடலிலிருந்து அது மணிக்கணக்கான பயணம். அதுவரை உயிரைக் காப்பது படகில் உள்ள தூய ஆக்சிஜன்தான். அது எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரத்துக்குப் போதும் என்று படகுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒரு முறையாவது இறங்காமல் ஓய்வெடுக்கவும் சொல்லுங்கள். கட்டணம் கட்டிவிட்டோமே என்பதற்காக எல்லா முறையும் இறங்கியே ஆகவேண்டும் என்பதில்லை.

படகைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவந்து கண்காணிக்க யாரும் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இருந்த இரண்டு வழிகளும் எரிந்துகொண்டிருந்த ஒரே அறைக்குள்தான் திறந்தன. ஆகவே உங்கள் மகன் படகில் ஏறிய உடனே, படுக்கையறையிலிருந்து தனித்தனி இடங்களுக்குச் செல்லும் இரண்டு வழிகள் உண்டா என்று நடந்தே பார்க்கட்டும். இரவுக் காவல் யார் என்று கேட்கட்டும். கேமரா, டார்ச் லைட் பேட்டரிகளைத் தூங்கும்போது சார்ஜில் போட்டுவைக்க வேண்டாம். இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பருவமழை ஓய்ந்த நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இதற்கு ஏற்ற காலம். அனுமதியும் நாட்டின் நிலவரமும் எப்படியிருக்கின்றன என்பதைப் புறப்படும் வாரத்தில் மீண்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நீரில் விரித்து மேலே அனுப்பும் அடையாள மிதவையும் ஒரு விசிலும் அவனுக்குச் சொந்தமாக வாங்கிக் கொடுங்கள். நீரோட்டம் இழுத்துச் சென்றால், அலைகளுக்கிடையே ஒரு தலையைப் படகிலிருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பல நாள் முக்குளித்தவர் கடைசியாக நீரிலிருந்து ஏறிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக்கூடாது. 24 மணி நேரம் காத்திருப்பது இன்னும் நல்லது. தென்கோடித் துறைமுக நகரான கவ்தாங்கிலிருந்து ரங்கூனுக்கு அவன் விமானத்தில் திரும்புவதாக இருந்தால், கரையிறங்கும் நாளுக்கு இப்போதே சீட்டு எடுத்திருக்கிறானா என்று பாருங்கள். எடுத்திருந்தால் மறுநாளுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.