கொழிஞ்சாம்பாறை அம்மா ஒருவருக்கு: மகன் டிவி காமெடிக்குப் போகலாமா?

“ஐடிஐ வேண்டாமாம், நர்சிங்கும் வேண்டாமாம், டிவியில காமெடி பண்ணப் போறானாம்” என்று சொல்லும்போதே உங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் தம்பி எனக்கு என்ன செய்து காட்டினான் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும் அக்கா.

முதலில் ரஜினி குரல், அப்புறம் வடிவேலு குரல். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆடிஷன் வரிசையில் நிற்கும் எல்லாப் பையன்களும் அதைச் செய்வார்கள். “வேறு என்ன இருக்கு?” என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் உங்கள் பாலக்காட்டு எல்லை ஊரின் பஸ் கண்டக்டரை எடுத்தான். கண்டக்டர் “சில்லற தா சேச்சி” என்று மலையாளத்தில் கேட்க, பாட்டி “சில்லறை இல்லீங் சாமி” என்று கொங்குத் தமிழில் இழுக்க, ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பாதிதான் புரிகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இதை எந்தச் சேனலிலும் நான் பார்த்ததில்லை. அவன் சொத்து இதுதான்.

தம்பி வடிவேலு குரலில் செய்து காட்டிய காண்ட்ராக்டர் நேசமணி இருக்கிறாரே, அவர் வரும் ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற 2001 தமிழ்ப் படத்தை எழுதி இயக்கிய சித்திக், கொச்சியின் கலைக்குழுவான கலாபவனில் மிமிக்ரி செய்தவர். 1981-இல் மேடையேறிய ‘மிமிக்ஸ் பரேட்’ என்ற மிமிக்ரி நிகழ்ச்சிக் குழுவில் அவரும் ஒருவர். குரல் மாற்றிப் பேசுவதோடு நின்றுவிடாமல் எழுத உட்கார்ந்தார். டிவி காமெடியிலும் ஒரு வாரம் கைதட்டு வாங்கிவிடலாம், அடுத்த வாரத்துக்குப் புது ஸ்கிட் யார் தருவார்கள்? கவுன்ட்டரும் டைமிங்கும் பழகப் பழக வரும். எழுதத் தெரியாத பையன்தான் நாலாவது வாரம் தடுமாறுகிறான்.

அதனால் படிப்பை விடவே கூடாது. சிவகார்த்திகேயன்கூட இன்ஜினியரிங் படித்தவர்தான். பக்கத்திலேயே, பாலக்காடு மாவட்டச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இளங்கலை இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்ததும் கோழிக்கோடு பல்கலைக்கழக ஆன்லைன் அலாட்மென்டில் அதை முதல் விருப்பமாகப் போடுங்கள். நடிப்பையே படிக்க ஆசை என்றால் திருச்சூர் அரணாட்டுகரையில் அதே பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி உண்டு. இந்த வருடம் பள்ளிக் கலோத்ஸவத்தில், அதாவது கேரளப் பள்ளிகளின் கலைவிழாவில், மிமிக்ரி, மோனோ ஆக்ட் (தனியாள் நடிப்பு) இரண்டுக்கும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவர் முன்னால் மணியடிப்பதற்குள் முடிக்கிற பழக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பணம் பற்றிக் கேட்டீர்கள். ஒளித்துச் சொல்ல மாட்டேன். டிவியில் புதியவருக்குக் கிடைப்பது குறைவு. டிவியில் வந்த முகம் என்பதால் அமைகிற மேடைகளில்தான் சம்பாத்தியம். நம் பக்கத்தில் வேல, பூரம், மாரியம்மன் நோன்பு என்று கோயில் திருவிழா மேடை இருப்பது கோடை முடியும் வரைதான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மாதக்கணக்கில் கை காலி. அந்த மாதங்களுக்கு ஒரு டிகிரியும், டியூஷனோ எடிட்டிங்கோ ஏதாவது ஒரு கைத்தொழிலும் வேண்டும். ராத்திரி நிகழ்ச்சி, விடியற்காலைப் பயணம் என்று உடம்பும் அடிபடும். முதல் சம்பளத்திலேயே மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். “சான்ஸ் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கட்டுங்கள்” என்று எவர் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படி நகையை அடகு வைத்துவிட்டு நின்றது. அந்தப் பெண் அழுதது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை தம்பியைக் கூட்டி வாருங்கள். அந்தக் கண்டக்டர் ஸ்கிட்டை மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அவன் அப்பாவும் வரட்டும். மகன் செய்வதை அவர் இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று தம்பி சொன்னான்.