பரணில் கிடந்த மாயாவி

கேள்வி: மயிலாப்பூர் வீட்டுப் பரணில் என் பழைய முத்து காமிக்ஸ் கட்டு கிடைத்தது. தாள் பழுத்து, ஸ்டேப்ளர் பின் துருவேறியிருக்கிறது. எப்படிப் பிரிப்பது? அதில் வரும் நாயகன் இரும்புக்கை மாயாவிக்குக் கை போனது எப்படி என்பதும் மறந்துவிட்டது.

பதில்: பின்னை அப்படியே இழுத்தால் நடுத்தாள் கிழிந்துவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, தட்டையான கத்தி முனையால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக எடுங்கள். அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துத் தைத்தால் போதும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். பசை ஊறிப் பழுப்புக் கறையாகும். நியூஸ்பிரிண்ட் எனும் செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் உண்டு, வெயில் பட்டால் இன்னும் பழுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள்.

மாயாவி 1962ல் பிரிட்டனில் பிறந்தவர். தமிழுக்கு 1972ல் வந்தார். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கை போய், இரும்புக்கை பொருத்தினார்கள். பிறகு மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்தது, கை மட்டும் தெரிந்தது. ஆரம்பத்தில் அவர் நல்லவரே அல்ல! அந்த முதல் கதையை நிதானமாகப் படியுங்கள், அருமையானது.