முதலில் தண்ணீர், பிறகு ஜெபம்

அன்புச் சகோதரருக்கு ஸ்தோத்திரம். லண்டனில் சனிக்கிழமை நள்ளிரவில், மது அருந்திவிட்டு வெறுங்காலுடன் நடைபாதையில் அமர்ந்திருந்த பெண்ணிடம் ஜெபிக்கலாமா என்று கேட்டதும் அவர் திட்டியதாகவும், அதனால் வீதி ஊழியக் குழுவிலிருந்து விலகிவிட நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். விலக வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

2003-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் போதகர் லெஸ் ஐசக் தொடங்கிய 'ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்' (வீதிப் போதகர்கள்) பணியில், இரவில் வீதிக்குச் செல்பவர்கள் பிரசங்கிப்பதில்லை. தண்ணீரும், ஹை ஹீல்ஸைக் கழற்றிவிட்டு நடப்பவர்களின் பாதத்தில் கண்ணாடித் துண்டு குத்தாதிருக்க ரப்பர் செருப்பும் எடுத்துச் செல்கிறார்கள். வீதிக்குச் சென்றவர்களுக்காக ஜெபிப்பதற்கென்றே வேறு சிலர் அதே இரவில் விழித்திருக்கிறார்கள். ஆகவே, வாய்விட்டு ஜெபிக்காத இரவும் ஜெபமில்லாத இரவு அல்ல.

அடுத்த முறை நின்றபடி குனிந்து பேசாமல், சற்றுத் தள்ளி அமர்ந்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவருடன் வந்தவர்கள் எங்கே, வீட்டுக்கு எப்படிப் போவார் என்று விசாரியுங்கள். அவரே கேட்டால், அல்லது மனம்விட்டுப் பேசியபின் தெளிவாகச் சம்மதித்தால், சுருக்கமாக ஜெபியுங்கள். போதையில் தலை தொங்குபவர் சொல்லும் சம்மதத்தை நான் சம்மதமாகவே கருதமாட்டேன். எழுப்பியும் விழிக்காதவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்து, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். வாந்தி மூச்சை அடைத்துவிடக்கூடும் என்பதால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.