தொழிற்சாலைக் காணியில் நைதரசன் கூடிய மண்ணை எப்படிச் சுத்தப்படுத்துவது?

கொழும்பில் களனி ஆற்றுப் பக்கம் பழைய உரக் களஞ்சியம் இருந்த காணி, மண்ணில் நைதரசன் அதிகம் என்று அறிக்கை வந்திருக்கிறது, தோண்டி அள்ளுவதா, தண்ணீர் விட்டுக் கழுவுவதா, பற்றீரியாவை வைத்துச் சரிசெய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். "மொத்த நைதரசன்" என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டுத் தரும் அறிக்கையை வைத்து எந்த முறையையும் தெரிவு செய்யாதீர்கள். மண்ணில் நைதரசன் இருக்கும் வடிவம் அமோனியமா, நைத்திரேற்றா, எந்த ஆழத்தில் எவ்வளவு என்பது முதலில் தெரியவேண்டும். அமோனியத்துக்கு நேரேற்றம், களிமண்ணில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். நைத்திரேற்று அப்படி இல்லை, மழையோடு கீழே இறங்கிவிடும். கொழும்பில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, நிலத்தடி நீரும் பல இடங்களில் மேலேயே நிற்கிறது, ஆகவே பெக்கோ போட்டு மேல்மண்ணை மட்டும் அள்ளினால் பிரச்சினையின் பெரிய பங்கு ஏற்கனவே கீழே போயிருக்கலாம்.

ஆய்வுகூடத்திடம் கட்டாயம் கேளுங்கள்: அமோனியத்தை எதில் கரைத்து எடுத்தீர்கள்? வெறும் தண்ணீரில் எடுத்தால் களியில் ஒட்டியிருப்பது வெளியே வராது, எண் குறைவாகக் காட்டும். 2 மோலார் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல்தான் வழமை. மாதிரியை ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோகவேண்டும், வெயிலில் காரில் கிடந்தால் வழியிலேயே அமோனியம் நைத்திரேற்றாக மாறிவிடும்.

அப்புறம் முறை. அமோனியம் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் அந்த இடத்தை மட்டும் தோண்டி அகற்றுங்கள், காணி முழுவதையும் அல்ல. பரவலாக, ஆழமில்லாமல் இருந்தால் மண்ணைக் கிளறிக் காற்றுப் படவிட்டாலே பற்றீரியா அதை நைத்திரேற்றாக்கும். ஆனால் ஒரு கிராம் அமோனிய நைதரசனுக்கு நாலரைக் கிராம் ஒட்சிசன் வேண்டும், மண்ணின் அமிலத்தன்மையும் கூடிக்கொண்டே போகும், அதனால் அதைக் காட்டும் pH அளவைப் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியா வாயுவாகக் கிளம்பும், வேலை செய்பவர்களின் கண்ணும் மூச்சும்தான் பாதிக்கப்படும். இப்படி உருவாகும் நைத்திரேற்று மழையில் கீழே போகாதபடி இதை மழை குறைந்த மாதங்களில் செய்வது முக்கியம்.

நைத்திரேற்று நிலத்தடி நீருக்குப் போய்விட்டது என்றால் என் தெரிவு, நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே அகழி வெட்டி மரத்தூளும் மணலும் கலந்து நிரப்புவது. ஒட்சிசன் இல்லாத அந்த இடத்தில் பற்றீரியா மரத்தூளின் காபனைத் தின்று நைத்திரேற்றை வெறும் நைதரசன் வாயுவாக்கிவிடும், பம்பும் மின்சாரமும் தேவையில்லை, கனடாவில் இப்படிப் போட்ட தடுப்புகள் பல வருடங்கள் வேலை செய்திருக்கின்றன. தண்ணீர் விட்டுக் கழுவுவதை மட்டும், வடியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க வழியில்லாமல், தயவுசெய்து தொடங்கவேண்டாம். அது மாசை அடுத்த வீட்டுக் கிணற்றுக்குத் தள்ளிவிடுகிற வேலை.

அந்தக் கிணறுகளை இந்த வாரமே பரிசோதியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில ஆய்வுகூடங்கள் இதையே நைதரசனாகக் கணக்கிட்டு எழுதும், அப்போது வரம்பு சுமார் 11, எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடியிருந்தால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம் என்று அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லுங்கள். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.