தோற்றவர் சாவியைக் கொடுப்பாரா? – கேள்வி பதில்

நெருக்கடியான காலத்தில் ஜனநாயகம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று மட்டக்களப்பு, அம்பாறை நண்பர்கள் கேட்டவற்றுக்கு, உயர்தர வகுப்புகளில் நெடுங்காலம் அரசறிவியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கேள்வி என்ற பெயரில் கட்சிப் பிரசாரம் செய்தவர்களுக்குப் பதில் இல்லை.

கல்லடி, உயர்தர மாணவி: சேர், வறிய நாட்டில் ஜனநாயகம் நிலைக்காது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, மகள். செல்வந்த நாடுகளில் அது கவிழ்வது அரிது. அதைத் திருப்பிப் போட்டு, ஏழை நாட்டில் பிழைக்காது என்று சொல்லிவிட முடியாது. மலாவி உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. அங்கே 2019 ஜனாதிபதித் தேர்தலில் முடிவுப் படிவங்களில் இருந்த எண்களை வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். நம் கந்தோர்களில் எழுத்துப் பிழைக்குப் பூசுகிறோமே, அதே மை. மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2020 பெப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் இராணுவக் காவலுடன் வந்து, மணிக்கணக்கில் தீர்ப்பை வாசித்து, தேர்தல் செல்லாது என்றார்கள். ஜூனில் மறுதேர்தல் நடந்தது. பதவியில் இருந்தவர் தோற்றார். காசில்லாத நாட்டிலும் படிவத்தை வரி வரியாகச் சரிபார்க்க ஆட்கள் இருந்தார்கள்.

செங்கலடி, எழுதுவினைஞர்: நல்ல அரசியலமைப்பு இருந்தால் போதாதா ஐயா?

போதாது தம்பி. சட்டத்தை மீறாமலே ஒரு தேர்தலை விழுங்கிவிடலாம். நம் நாட்டிலேயே 1977 ஜூலையில் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்கு வென்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில்தான். 83 ஜூலையும் போரும் இந்த இடைவெளிக்குள் வந்தவை. பாராளுமன்றத்தை மாற்ற வழியில்லாமல் போனது அந்தத் தீக்கு எவ்வளவு எண்ணெய் வார்த்தது என்று வாதிடலாம். வார்க்கவே இல்லை என்று என்னிடம் வாதிட யாரும் வரவேண்டாம்.

2018ஐப் பாருங்கள். ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை அமர்த்தினார், நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. ஆனாலும் சபாநாயகர் பொலிஸாரின் நடுவே வந்து அமர்வை நடத்தினார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். இராணுவம் தலையிடவில்லை, பதவியில் ஏறியவர்களும் தீர்ப்புக்கு அடங்கினார்கள். இதே அரசியலமைப்புத்தான் 1982இலும் இருந்தது, ஓரளவு திருத்தங்களைத் தவிர.

2023இல் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள்: திறைசேரியில் காசில்லை. மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நின்றது. நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. வாக்களித்தது 2025 மே 6இல். அதுவரை பிரதேச சபை என்பது பூட்டிய அறையும் ஒரு செயலாளரும்.

படுவான்கரை, விவசாயி: எங்கள் கோயில் வண்ணக்கர் (கோயிலை நிர்வகிப்பவர்) தெரிவில் தோற்றவர் சாவியைத் தர மறுக்கிறார். இதற்கும் உங்கள் அரசறிவியலுக்கும் தொடர்பு உண்டா?

அண்ணன், வந்ததிலேயே நல்ல கேள்வி இது. பொட்ஸ்வானாவில் 1966இல் சுதந்திரம் கிடைத்ததிலிருந்து ஒரே கட்சிதான் ஆண்டது. 2024இல் தோற்றது. இறுதி முடிவு அறிவிக்கப்படும் முன்பே ஜனாதிபதி தோல்வியை ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர் என்பதால் மட்டும் ஒருவர் அப்படிப் போவதில்லை. அடுத்த முறையும் போட்டியிடலாம், பழிவாங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் போவார். உங்கள் ஊர்க்காரருக்கு ஆசை இருக்கலாம். வென்ற குடியினர், அதாவது வென்றவரின் தாய்வழிக் குலத்தார், கணக்கைக் கிளறிச் சந்தியில் நிறுத்துவார்கள் என்ற பயமும் இருக்கலாம். கணக்குப் பார்ப்பதை இரு பக்கமும் ஏற்கும் ஒருவரிடம் விடுவோம் என்று முதலில் சொல்லிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

காத்தான்குடி, வர்த்தகர்: அஸ்ஸலாமு அலைக்கும். பெரும்பான்மை வெல்லும் என்றால் சிறுபான்மை எப்போதும் தோற்குமே?

வஅலைக்கும் ஸலாம், நானா. அதற்காகத்தான் தேர்தல் முறையை நுணுக்கமாக அமைக்கவேண்டும். மொரிசியஸில் 62 பேரை மக்கள் தெரிவு செய்கிறார்கள். அதற்கு மேல், தோற்றவர்களில் நன்றாக வாக்கு எடுத்தவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை, பிரதிநிதித்துவம் குறைந்த சமூகங்களைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். 1982, 1995, 2024 ஆகிய ஆண்டுகளில் பிரதான தீவின் 60 ஆசனங்களையும் ஓரணியே அள்ளியது. அப்போதும் எதிரணியில் சிலர் இந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். வேட்பாளர் தன் சமூகத்தை அறிவிக்கவேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறது.

நம்மிடமும் இது இருந்தது. முன்பு மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் போகட்டும் என்பதே எண்ணம். இப்போது, வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறை அதைச் செய்கிறது. 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனங்களை ஒரே கட்சி எடுத்தபோது, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்தில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு, ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்கு, ஒன்று ஆளும் கட்சிக்கு.

அக்கரைப்பற்று, இளைஞர்: ஐந்து வருடம் ஒரு கடும் ஆட்சியாளர் இருந்தால் நாடு திருந்தாதா?

ஐந்தாம் வருட முடிவில் அவரை வீட்டுக்கு அனுப்பப் போவது யார் என்று எழுதி அனுப்புங்கள். பிறகு பேசலாம்.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை: கிழக்கு மாகாண சபைத் தேர்தல் எங்கே போனது?

சட்டச் சிக்கலுக்குள் போனது, தங்கச்சி. 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதே மாதம் தேர்தல் முறையை, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றினார்கள். அதற்குத் தொகுதி எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை, ஆட்சி ஆளுநர் கையில். பழைய விகிதாசார முறைக்குத் திரும்பச் சிறிய திருத்தம் ஒன்று போதும். உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை பாடசாலை விழாவுக்கு வந்தால், அதற்குக் கை உயர்த்துவாரா என்று ஒலிவாங்கி அணைவதற்கு முன் கேளுங்கள்.