பட்டா ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மன்னார்குடி பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பெரிதாக ஒன்றும் வருவதில்லை. மத்திய அரசு வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய் அப்பா கணக்கில் போடுகிறது. ஒரு விவசாயக் குடும்பம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? நூறு நாள் வேலை வந்த பிறகு வயலுக்கு ஆளும் கிடைப்பதில்லை என்கிறார்கள். சோழவளநாடு சோறுடைத்து என்று பாடிய மண்ணில் இன்று விவசாயி கடனோடு சாகிறான். நிலத்தை விற்றுவிடலாமா, அல்லது வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்தில் இறங்கலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு நல்ல மனம். அதனால்தான் சற்றுக் கோபமாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா வருகிறார், மத்திய அரசு வருகிறது, வேலைக்கு வராத கூலியாட்கள் வருகிறார்கள், சோழவளநாடுகூட வந்துவிட்டது. உங்கள் ஐந்து ஏக்கரில் உழுது நட்டு அறுக்கிற மனிதர் மட்டும் எங்கும் இல்லை. அவருக்கு ஒரு பெயர் இருக்கும். உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நூறு நாள் வேலையைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. 2005இல் வந்த அந்தச் சட்டம் உறுதி சொன்னது ஒரு குடும்பத்துக்கு நூறு நாள், ஆளுக்கு நூறு நாள் அல்ல. மீதி நாட்களில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்காதவர்கள், அந்த நூறு நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சோழவளநாட்டின் பொற்காலம் பற்றியும் பேச வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறு அது. சோறுடைத்த அதே நாடுதான். இயற்கை விவசாயம் செய்வதானால் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் நீங்கள் இறங்குவதற்கு இன்னொருவர் அந்த வயலிலிருந்து ஏற வேண்டியிருக்கும். அதை யோசித்தீர்களா என்பது கடிதத்தில் தெரியவில்லை.

அந்த ஆறாயிரத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது. 2019இல் தொடங்கிய திட்டம், இரண்டாயிரம் வீதம் வருடத்துக்கு மூன்று தவணை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்கு உழுபவருக்குக் கிடையாது. 'என்ன செய்யும்?' என்று கேட்கிறீர்களே, உங்கள் வீட்டில் அது ஒன்றும் செய்யாதுதான். உழுபவர் வீட்டில் ஒரு தவணை யூரியாவாகியிருக்கும், அல்லது வட்டிக்காரரைப் பத்து நாள் தள்ளிவைத்திருக்கும்.

ஆறாயிரத்தோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க, நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டா வேண்டும், அதில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று சொல்லும் அடங்கல் வேண்டும். அது கிடைக்காதவர் உரக்கடையிலோ நகைக்கடையிலோ போய் நிற்கிறார். அரசு கடனைத் தள்ளுபடி செய்யும்போது சங்கத்துக் கடன்தான் தள்ளுபடியாகிறது, உரக்கடைக் கடன் அப்படியே இருக்கிறது. நீங்கள் கண்ணீர் விடுகிற அந்தக் கடன் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். உறவுமுறை எதுவும் இல்லை, ஆனாலும் நாங்கள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். மூன்று ஏக்கர் குத்தகை. ஒரு சம்பா அறுவடையின்போது அவரோடு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். நெல்லைக் களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, முறைக்காகக் காத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ராத்திரி பெய்த பனியில் நெல் நமுத்திருந்தது. கருவியில் எண் ஏறியதைப் பார்த்ததும் அவர் ஒன்றும் பேசாமல் போய்த் தார்ப்பாயை விலக்கி, வெறுங்காலால் நெல்லைக் கிளறிவிடத் தொடங்கினார். கால் விரல்களுக்கு நடுவே நெல்லைப் பிளந்துகொண்டு நேர்க்கோடாகப் போவார், திரும்பி அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. சாயங்காலம் வரை அப்படியே நடந்தார். கடைசியில் நாற்பது கிலோ சிப்பமாகக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த சிட்டா நகலை எடுத்து நீட்டினார். அதிலும் வங்கிப் புத்தகத்திலும் இருந்தது நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒரு சென்னைக்காரரின் பெயர். பணம் அவர் கணக்குக்குப் போய், குத்தகையைக் கழித்துக்கொண்டு, மீதி இவருக்கு வந்தது. சென்னைக்காரர் நாணயஸ்தர், ஒரு ரூபாய் குறைத்ததில்லை. நாணயம் இல்லாதவராக இருந்திருந்தால் சித்தப்பா எந்த அலுவலகத்தில் போய் என்ன காகிதத்தைக் காட்டியிருப்பார்?

பின்னொரு வருடம் அறுப்புக்கு முன் வெள்ளம் வந்தது. பயிர் கழுத்தளவு மூழ்கி அழுகியது. அதிகாரிகள் வந்து புல எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்துச் சென்னைக்காரர் போன் செய்து, "ஏதோ பணம் வந்திருக்கிறதே, எதற்குத் தெரியுமா?" என்று கேட்டார். வயல் மூழ்கியதே அவருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை, இருக்கிறது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல், சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இல், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969இல். அந்தத் தலைமுறையில் பதிவேட்டில் ஏறியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பதிந்தால் நிலம் போய்விடும் என்று உடைமைக்காரர்கள் பயந்தார்கள். அதன் பிறகு குத்தகை முழுக்க வாய்ப்பேச்சாகிவிட்டது. மேற்கு வங்கத்தில் 1978இல் அரசே கிராமம் கிராமமாகப் போய், விளைச்சலில் பங்கு கொடுத்து உழுகிற வாரதாரர்களைப் பதிவு செய்தது. ஆந்திரம் 2019இல் ஒரு நடுவழி கண்டது: பதினோரு மாத ஒப்பந்தம், நில உரிமைக்குப் பங்கமில்லை, உழுபவர் அதைக் காட்டிக் கடன் கேட்கலாம். ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேயும் பலர் போடுவதில்லை.

விலையைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கூட்டட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று குத்தகை அளக்கிற இடத்தில், நெல் விலை ஏறினால் உங்கள் மூட்டைக்கும் சேர்த்துத்தான் ஏறுகிறது. நீங்கள் பெங்களூரில் உட்கார்ந்தபடியே லாபம் பார்ப்பீர்கள். விவசாயி ஏழை என்று உருகுபவர்கள் எந்த விவசாயி என்று சொல்லிவிட்டு உருக வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி நிலவுடைமை 1.08 ஹெக்டேர். உங்கள் ஐந்து ஏக்கர் கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. நீங்கள் ஏழை விவசாயி இல்லை, எஸ். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குப் போங்கள். அவரோடு உட்கார்ந்து எழுத்தில் ஒரு குத்தகைச் சீட்டுப் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கூடவே போய், அடங்கலில் பயிர் செய்பவராக அவர் பெயர் ஏறச் சம்மதம் கொடுங்கள். அப்படிச் செய்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும், நினைத்த மாத்திரத்தில் அவரை வெளியேற்ற முடியாது. பயமாக இருக்கிறதா? ஒவ்வொரு போகமும் அவர் அந்தப் பயத்தோடுதான் நாற்றுவிடுகிறார்.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால், மனைத் தரகரிடம் போகாதீர்கள். 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் எண்ணெய், எரிவாயு போன்ற திட்டங்களைத்தான் தடுக்கிறது, மனைக்கல் நடுவதை அல்ல. உழுபவரிடமே முதலில் கேளுங்கள். தவணையில் கொடுப்பீர்களா என்று அவர் கேட்டால் கொடுங்கள். அவர்கள் நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பம் என்றால், பெண்கள் பெயரில் நிலம் வாங்க, ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவில் மானியம் உண்டு. விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும், அலைய ஆள் வேண்டும். வேலையை விட்டுவிடத் துணிந்தவர்தானே, நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களே அலையலாம். தரகர் சொல்லும் விலை கிடைக்காது. உங்கள் சம்பளத்துக்கு அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியும்.