32 கோடி மூட்டை சிமென்ட்

கேள்வி: 1975-இல் நைஜீரியாவின் பாதுகாப்பு அமைச்சகம் அளவுக்கு மீறி சிமென்ட் வாங்கி, லாகோஸ் துறைமுகத்தையே முடக்கிவிட்டதாகப் படித்தேன். ராணுவத்துக்கு எதற்கு அவ்வளவு சிமென்ட்? கணக்குத் தெரியாதவர்கள் கையில் எண்ணெய்ப் பணம் சிக்கினால் இப்படித்தான் ஆகும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வாங்கியது உண்மை, துறைமுகம் முடங்கியதும் உண்மை. உங்கள் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். கணக்கு அவர்களிடம் இருந்தது. தேவை 29 லட்சம் டன் என்ற மதிப்பீடு இருக்கும்போதே 1.6 கோடி டன்னுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மற்ற துறைகளின் கொள்முதலையும் சேர்த்தால் நாடு மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்டது 2 கோடி டன். லாகோஸின் அபாபா துறைமுகம் இறக்கக்கூடிய சிமென்ட்டோ ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். அமைச்சகத்தின் சரக்கை மட்டும் இறக்கி முடிக்கவே பதினாறு வருஷம் பிடிக்கும். 50 கிலோ மூட்டையாகப் பிரித்தால் 32 கோடி மூட்டை.

எதற்கு என்று கேட்டீர்கள். படைவீரர் குடியிருப்புகள் கட்டத்தான். 1966-இல் பத்தாயிரம் பேர் அளவில் இருந்த ராணுவம், பியாஃப்ரா போர் என்ற உள்நாட்டுப் போர் 1970 ஜனவரியில் முடிந்தபோது இரண்டரை லட்சமாகப் பெருத்திருந்தது. ஆட்களைக் குறைத்து வேலையில்லாமல் தெருவில் விட அரசு துணியவில்லை. வீரர்கள் ஊருக்குள் வாடகை வீடுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தங்கினார்கள். 1973-74-இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானதும் பணத்தட்டுப்பாடு என்ற சாக்கும் போயிற்று. ஆக, தேவை நியாயமானது. கோளாறு ஒப்பந்தங்களில் இருந்தது.

68 விற்பனையாளர்களுடன் 109 ஒப்பந்தங்கள். பல ஒப்பந்தங்கள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு: 2,40,000 டன். விற்றவர்களில் சிமென்ட் ஆலை முதலாளிகள் மட்டுமா இருந்தார்கள்? லண்டன் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கைப் பாருங்கள். அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது ஓர் ஆங்கிலேய நிறுவனத்துடன். அந்த நிறுவனம் சரக்கைக் கேட்டது டிரெண்டெக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்திடம். டிரெண்டெக்ஸ் அதை ஜெர்மனியில் வாங்கியது. ஒரே மூட்டைக்கு மூன்று கை லாபம்.

பணம் கொடுத்த முறைதான் அடுத்த ஓட்டை. திரும்பப் பெற முடியாத எல்.சி., அதாவது வாங்குபவர் சார்பில் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதிக் கடிதம். இதில் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டுமே. சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீது, விலைப்பட்டியல், காப்பீடு ஆகியவை சரியாக இருந்தால் பணம் தந்தாக வேண்டும். சரக்கு லாகோஸில் இறங்கியதா என்று வங்கி கேட்காது. கூடவே டெமரேஜ், அதாவது கப்பல் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்குமான தாமதக் கட்டணத்தையும் நைஜீரியாவே ஏற்றிருந்தது. நாளொன்றுக்கு, ஒரு கப்பலுக்குச் சில ஆயிரம் டாலர். இதைக் கப்பல் முதலாளி எப்படிப் படிப்பார்? உடைத்து விற்கும் வயதில் இருக்கும் கப்பலுக்குக்கூட லாகோஸ் கடலில் நங்கூரம் போட்டுச் சும்மா நின்றால் வருமானம். பழைய கப்பல்கள் அங்கே குவிந்ததில் ஆச்சரியம் இல்லை. கணக்குத் தெரியாதவர்கள் என்று சொன்னீர்களே, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து இந்தக் கணக்கை மிக நன்றாகப் போட்டவர்களையும் சேர்த்துப் பேசுங்கள்.

1975-இன் உச்சத்தில் லாகோஸுக்கு வெளியே நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் நின்றன. பெரும்பாலானவற்றில் சிமென்ட். உணவுப் பொருளும் இயந்திரமும் கொண்டுவந்த கப்பல்கள் அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. மூட்டை சிமென்ட்டை மழையில் இறக்க முடியாது, கப்பலின் மேல்மூடியைச் சாத்தியே ஆக வேண்டும். லாகோஸில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். காத்திருக்கும் சிமென்ட்டும் சும்மா இருக்காது. கடல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மூட்டைக்குள்ளேயே கட்டி தட்டத் தொடங்கும். நன்றாக வைத்த மூட்டையே மூன்று மாதத்தில் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது கட்டடக்காரர்களின் பொதுக்கணக்கு. மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் கிடந்ததை எந்தச் சுவருக்கு நம்பிப் போடுவது?

தலைமைக்கு வருகிறேன். 1958-இல் பிரிட்டன் ராணுவக் கட்டுப்பாட்டை ஒப்படைத்தபோதுதான் இந்த அமைச்சகம் உருவானது. விடுதலைக்குப் பிந்தைய முதல் அமைச்சர் முகம்மது ரிபாடு 1965-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்த இனுவா வாடா 1966 ஜனவரி ராணுவப் புரட்சியோடு போனார். அதன்பின் ஆட்சித் தலைவர் யாகுபு கோவோனே பாதுகாப்புத் துறையையும் வைத்துக்கொண்டார். கேட்பவரும் அவர், அனுமதிப்பவரும் அவர், தலைமைத் தளபதியும் அவர். நாடாளுமன்றம் கிடையாது. 29 லட்சம் எப்படி 1.6 கோடி ஆனது என்று கேட்க வேண்டிய நாற்காலியே காலி. எனக்கு இதுதான் மூலக் காரணமாகத் தெரிகிறது. லஞ்சம் அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்தது.

1975 ஜூலை 29-இல் கோவோன் கவிழ்ந்தார். வந்த முர்தலா முகம்மது ஆட்சி விசாரணைக்கு நீதிபதி பெல்கோர் தலைமையில் ஆணையம் போட்டது. கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்று ஆகஸ்டில் விதி வந்தது. மத்திய வங்கி எல்.சி. பணத்தையும் நிறுத்திவைத்தது. அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றாலும் சட்டப்படி இது ஒப்பந்த மீறல். பலர் சமரசத்துக்கு வந்தார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். 1977-இல் டிரெண்டெக்ஸ் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் டென்னிங் பிரபு அமர்வு, அரசு என்று சொல்லி வழக்கிலிருந்து தப்பும் விலக்கு நைஜீரிய மத்திய வங்கிக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. அரசுத் துறையே ஆனாலும் சந்தைக்கு வந்து பூட்ஸோ சிமென்ட்டோ வாங்கினால் சந்தையின் விதி அதற்கும் உண்டு என்றார் டென்னிங். இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. நெரிசலுக்கு மாற்றாக டின் கேன் தீவுத் துறைமுகம் 1977-இல் திறந்தது.

முர்தலா தனியாக நியமித்த பாதுகாப்பு ஆணையர் (அமைச்சர் பதவிதான்) இல்லியா பிசல்லா, முர்தலாவைக் கொன்ற 1976 பிப்ரவரிச் சதியில் குற்றம் சாட்டப்பட்டு மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபடியும் துறை ஆட்சித் தலைவர் ஒபசாஞ்சோ கைக்குப் போனது. 1993 நவம்பரில் இடைக்கால அரசைத் தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடித்த சானி அபாச்சா, அந்த அரசின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர். 1999-க்குப் பிறகு ஆட்சி மாறுவது வாக்குப்பெட்டியால். 2023-இல் பாதுகாப்பு அமைச்சராக வந்த பதாரு அபுபக்கர் முன்னாள் ஆளுநர். 2025 டிசம்பரில் அவர் விலக, ஓய்வுபெற்ற தளபதி கிறிஸ்டோபர் மூசா வந்தார்.

இனி அப்படி நடக்காதா? 2007-இல் பொதுக் கொள்முதல் சட்டம் வந்தது. திறந்த ஒப்பந்தப்புள்ளி, விலை ஒப்பீடு எல்லாம் அதில் உண்டு. அதன் 15-ஆம் பிரிவு, பாதுகாப்புக்கான சிறப்புப் பொருள்களை அதிபர் முன்அனுமதி தந்தால் ஒழிய இந்த விதிகளுக்கு வெளியே வைக்கிறது. எவை சிறப்புப் பொருள்கள்? ஆயுதம், வெடிபொருள், கருவிகள், இன்னும் ‘அதிபர் தீர்மானிக்கும் வேறு எதுவும்’. அதிபர் நினைத்தால் அந்த ‘வேறு எதுவும்’ என்பதற்குள் சிமென்ட் மூட்டையும் அடங்கலாம்.